தொண்டையில் ஒன்றுமில்லை

போன மாதம் என் பழைய பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்து என்னை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களின் மனநலத்துக்காக ஒரு நாள் பயிற்சி. பேச வந்த இளைஞர் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். மூச்சை மெல்ல இழுக்கச் சொன்னார், மெல்ல விடச் சொன்னார். மன அழுத்தம் நமக்கு உள்ளேதான் இருக்கிறது, அதை நாம்தான் வெளியே அனுப்ப வேண்டும் என்றார். நானும் கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். விடும்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு புது டீச்சர் கேட்டாள். "உங்க காலத்துல இந்த மாதிரி ஸ்ட்ரெஸ்ஸெல்லாம் இருந்திருக்காது, இல்லீங்களா டீச்சர்?"

இருந்தது. அதற்குப் பெயர்தான் இல்லை. ஒரு வாய் தயிர்சாதத்துக்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமாக எனக்கு அது படவில்லை. அதனால் அவளிடம் சிரித்து வைத்துவிட்டு வந்தேன். அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கணிதத்தில் பட்டம், பிறகு பி.எட். கரும்பலகையில் கோணாமல் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். மாதிரி வகுப்பு என்று ஒன்று நடக்கும். பொறுக்கி எடுத்த பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்வார்கள். ஜூன் மாதத்தில் நிஜ வகுப்பு ஒன்றுக்குள் கால் வைத்தால் என்ன சத்தம் கேட்கும் என்பதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கத்தில், அரசு உதவி பெறும் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். எங்கள் வீடு பாலக்கரையில். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, அத்தை பிள்ளைகள் என்று எப்போதும் நிறைந்திருக்கும் வீடு. கத்திப் பேசாவிட்டால் தட்டில் குழம்பு விழாது. அந்தத் தொண்டைதான் என்னை முதல் வருஷம் காப்பாற்றியது. படிப்பு அல்ல, பயிற்சியும் அல்ல.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லாப் பள்ளியிலும் இருந்தது, இன்றும் பல இடங்களில் இருக்கிறது. ஜூன் மாத முதல் கூட்டத்தில் யாருக்கு எந்த வகுப்பு என்று பிரிப்பார்கள். இருப்பதிலேயே மூத்த ஆசிரியை முதலில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். அப்புறம் அடுத்தவர். பந்தியில் பாத்திரம் நகர்வது போல அது நகர்ந்து நகர்ந்து, கடைசியில் உட்கார்ந்திருக்கிற புது ஆளிடம் வரும்போது அடியில் ஒட்டியிருப்பதுதான் மிச்சம் இருக்கும். அது எப்போதும் ஒன்பதாம் வகுப்பு 'டி' பிரிவு. தேறாமல் அதே வகுப்பில் மறுபடியும் உட்கார்ந்த பெண்கள், வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கிற பெண்கள், கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து பாதிப் பாடத்தில் தூங்கிப் போகிற பெண்கள் எல்லோரும் அதில். இருபது வருஷ அனுபவம் உள்ளவரே திணறுகிற வகுப்பை, நேற்றுப் பட்டம் வாங்கியவளிடம் கொடுப்பார்கள். வைத்தியத்தில் இப்படி யாராவது செய்வார்களா? மிகவும் சிக்கலான அறுவை சிகிச்சையை முதல் நாள் சேர்ந்த டாக்டரிடம் கொடுத்துவிட்டு மற்றவர்கள் காப்பி குடிக்கப் போவார்களா?

அதோடு முடியாது. யாராவது லீவு போட்டால் அந்த வகுப்புக்கும் புது ஆள்தான் போக வேண்டும். பியூன் துண்டுச்சீட்டோடு வந்து நிற்பார். பிரார்த்தனை வரிசையைப் பார்ப்பது, கண்காட்சிக்கு அட்டை ஒட்டுவது, ஆண்டு விழாவுக்கு டான்ஸ் பழக்குவது எல்லாம் புது ஆள் தலையில். மூச்சு விட ஒரு பீரியட் கிடைத்தால், அதற்குள் பியூன் வந்துவிடுவார்.

இதற்கெல்லாம் மேலே எங்கள் தலைமையாசிரியை லோகநாயகி அம்மாள்.

அவரைக் கொடுமைக்காரி என்று சொன்னால் அது பொய். நான் பார்த்த ஆசிரியர்களில் இயற்பியல் பாடத்தை அவரைப் போல நடத்தியவர் வேறு யாரும் இல்லை. குரலை உயர்த்த மாட்டார். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, கையில் ஒரு கடிகாரம், வேறு எதுவும் கிடையாது. ஏழைப் பெண்கள் பலருக்குத் தன் கையிலிருந்து பரீட்சைக் கட்டணம் கட்டியிருக்கிறார். ஆனால் புதிதாக வந்த ஆசிரியைகளை அவர் மேற்பார்வை செய்யும் முறை ஒன்று இருந்தது. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பாடம் பாதி நடந்துகொண்டிருக்கும்போது பின்கதவு வழியாக வருவார். கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொள்வார். கொஞ்ச நேரம் கேட்பார். பிறகு எழுந்து முன்னால் வந்து, ஆசிரியையைப் பார்த்து ஒரு புன்சிரிப்பு சிரிப்பார். வகுப்பைப் பார்த்துத் திரும்பி, மிகவும் மென்மையாகக் கேட்பார்.

"இப்ப டீச்சர் சொன்னது யார் யாருக்குப் புரியலை? பயப்படாம கை தூக்குங்க."

பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தலைமையாசிரியை கேட்டால் கை தூக்குவார்கள். ஒருத்தி தூக்கினால் பக்கத்தில் இருப்பவளும் தூக்குவாள். புரிந்தவளும் தூக்குவாள். ஆசிரியை கரும்பலகை ஓரத்தில் நின்று அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். லோகநாயகி அம்மாள் அவள் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, அதே பாடத்தை முதலிலிருந்து நடத்துவார். அற்புதமாக நடத்துவார். முடித்துவிட்டு, "இப்ப?" என்பார். ஒரு கையும் இருக்காது. சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்.

அந்தச் சாக்பீஸை வைத்துக்கொண்டு அந்த மணி அடிக்கும் வரை அவள் என்ன செய்வாள் என்று அவர் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

வசந்தா சேர்ந்தது எழுபதுகளின் பிற்பகுதியில். அறிவியல் ஆசிரியை. கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸில் வீடு. அப்பா தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கிருந்து ஒரு பஸ், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் என்று மாறி வருவாள். மெலிந்த பெண். பெரிய கண்ணாடி. பேசும்போது கைகள் இரண்டும் சேர்ந்து பேசும்.

அவள் வகுப்பும் என் வகுப்பும் அடுத்தடுத்து. நடுவில் இருந்தது முழுச் சுவர் இல்லை, மேலே திறந்த தட்டி. அதனால் அவள் பாடம் நடத்துவதை என் காதால் கேட்டிருக்கிறேன். முதல் மாதம் அட்டைப் பெட்டியில் ஊசியால் துளை போட்டு, எண்ணெய்க் காகிதம் ஒட்டி, மெழுகுவர்த்தியின் பிம்பம் தலைகீழாக விழுவதைக் காட்டினாள். ஒன்பதாம் 'டி' பெண்கள் போட்ட சத்தத்தில் என் வகுப்பில் ஒருத்தியும் கணக்குப் போடவில்லை. நான் போய் எட்டிப் பார்த்தேன். சண்டை போட்டுக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்து பெட்டிக்குள் பார்க்கிறார்கள். வசந்தா என்னைப் பார்த்து, "ரொம்ப சத்தமா இருக்குங்களா டீச்சர்?" என்றாள். "இருக்கட்டும், என் பசங்களையும் அனுப்பறேன், அவங்களும் பாக்கட்டும்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அந்த முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதற்குப் பிறகு அதைப் பார்க்க வெகுகாலம் ஆயிற்று.

லோகநாயகி அம்மாளுக்கு வகுப்பில் சத்தம் என்றால் ஆகாது. அந்த வாரமே பின்கதவு வழியாக வந்தார். கைகளைத் தூக்கச் சொன்னார். சாக்பீஸை வாங்கினார். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும்.

ஆகஸ்ட் வாக்கில் வசந்தா மதியச் சாப்பாட்டை மூடி வைக்கத் தொடங்கினாள். கேட்டால், "பசிக்கலை டீச்சர்" என்பாள். பாடம் நடத்தும்போது அவள் பேச்சு நடுவில் நடுவில் நின்று போவதைத் தட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன். பின்கதவில் காற்று அடித்தாலும் அவள் பேச்சு நின்றுவிடும். ஒரு நாள் தண்ணீர்ப் பானை அருகில் நின்றிருந்தபோது சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா மறுநாள் பாடநோட்டைத் தொறக்கவே முடியலை டீச்சர். ரேடியோ கூடப் போடாம சும்மா உக்காந்திருக்கேன். எங்கம்மா ஏதாவது கேட்டா அழுகை வருது. என்னன்னே தெரியலை."

"ஹெச்.எம். கிட்ட நான் பேசட்டுமா?"

"வேணாம் டீச்சர். இன்னும் ப்ரொபேஷன் முடியலை. அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் வேலை நிரந்தரம்."

யார் அவளைப் பயமுறுத்துகிறாரோ அவரிடம்தான் அவள் வேலையும் இருந்தது. புது ஆசிரியை ஒருத்தி தனக்கு முடியவில்லை என்று வாயைத் திறந்து சொல்ல இடமே வைக்காமல் ஒரு ஏற்பாட்டைச் செய்துவிட்டு, ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அப்புறம் கேட்பார்கள். கேட்டார்கள்.

காலாண்டுப் பரீட்சைக்குச் சற்று முன்னால் ஒரு நாள் லோகநாயகி அம்மாள் ஒன்பதாம் 'டி'க்கு வந்தார். அன்று ஒளிச்சிதறல் பாடம். வசந்தா சொல்லி முடித்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டார். வகுப்பு மொத்தமும் கை தூக்கியது. தட்டிக்கு மேலே அந்த அமைதி எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு தலைமையாசிரியையின் அழகான குரல்.

மறுநாள் காலையில் வசந்தா என் முன்னால் வந்து நின்று வாயை அசைத்தாள். காற்றுதான் வந்தது. நான் ஜலதோஷம் என்று நினைத்தேன். மிளகுப் பால் குடிக்கச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, வகுப்புக்குப் போய்ப் பாடம் முழுவதையும் கரும்பலகையில் எழுதிப் போட்டாள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, விஷயம் அதைவிட விசித்திரம் என்று தெரிந்தது. என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போய், உதட்டசைவிலும் காற்றுப் பேச்சிலுமாகச் சொன்னாள். வீட்டில் பேச முடிகிறது. அம்மாவோடு பேசினாள், தம்பியோடு சண்டை கூடப் போட்டாள். சத்திரத்தில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டாள். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் குரல் போய்விடுகிறது. சாயங்காலம் திரும்பும்போது பாலம் தாண்டினால் வந்துவிடுகிறது.

அவளுக்கே அது அவமானமாக இருந்தது. "நான் வேணும்னு பண்ணலை டீச்சர்" என்று நாலைந்து முறை உதட்டை அசைத்தாள்.

ஆசிரியர் அறையில் விஷயம் பரவியது. நான் எதிர்பார்த்தது அனுதாபம். கிடைத்தது சிரிப்பு. "வீட்ல வருதாம், ஸ்கூல்ல வரலையாம். நல்லாத்தான் இருக்கு." இன்னொருவர், என்னைவிடப் பத்து வருஷம் மூத்தவர், சொன்னார்: "நாங்கள்லாம் தாங்கலையா? இதே ஒன்பது டி-யை நானும்தான் பாத்தேன். குழந்தை பொறந்து மூணாம் மாசம் பாத்தேன்."

நாங்கள் தாங்கவில்லையா என்கிற இந்தப் பேச்சை என் வேலைக் காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். இதைவிடக் கல்நெஞ்சமான பேச்சு ஆசிரியர் அறையில் கிடையாது. தாங்கியவர்கள் எப்படித் தாங்கினார்கள் என்று பார்த்திருக்கிறேன். ஒருவர் வகுப்பில் பிரம்பைக் கீழே வைத்ததே இல்லை. ஒருவர் புத்தகத்தை ஒரு பெண்ணிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு ஸ்வெட்டர் பின்னுவார். ஒருவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அவர்களும் ஒரு காலத்தில் மெழுகுவர்த்தியும் அட்டைப் பெட்டியுமாக வந்தவர்கள்தான். அதைத்தான் தாங்கியது என்று சொன்னார்கள்.

தலைமையாசிரியை வசந்தாவை டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார். நான் துணைக்குப் போனேன். தில்லைநகரில் காது, மூக்கு, தொண்டைக்கு ஒரு வயதான டாக்டர். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, சின்னக் கண்ணாடியை விளக்கில் சூடு காட்டி உள்ளே விட்டுப் பார்த்தார். "ஈ" சொல்லச் சொன்னார். பாலம் தாண்டி வந்திருந்தும், பள்ளி விஷயமாக வந்ததாலோ என்னவோ, காற்று. "இருமும்மா" என்றார். இருமினாள். கணீரென்று இருமல் வந்தது. அவர் தலையாட்டிக்கொண்டு கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"தொண்டையில ஒண்ணுமில்லம்மா. நரம்பு நல்லா வேலை செய்யுது. குரல் எங்கயும் போகலை, பயந்து உள்ள உக்காந்திருக்கு. ஸ்கூல்ல என்ன நடந்துது?"

வசந்தா அழுதாள். அதற்கும் சத்தம் இல்லை. நான்தான் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"இது நடிப்பு இல்லை" என்றார். "இந்தப் பொண்ணு நினைச்சாலும் இப்ப பேச முடியாது. கொஞ்ச நாள் லீவு குடுங்க. அப்புறம் சின்ன வகுப்பாக் குடுங்க. பக்கத்துல யாராவது சிநேகிதமா இருக்கட்டும். யாரும் பரீட்சை பண்ணக் கூடாது. தானா வந்துடும்."

இதை எழுதித் தரச் சொன்னேன். சான்றிதழில் தொண்டையில் நோய் எதுவும் இல்லை என்று முதல் வரி, ஓய்வும் வேலை மாற்றமும் அவசியம் என்று அடுத்த வரி.

லோகநாயகி அம்மாள் முதல் வரியை மட்டும் படித்தார். சத்தமாகப் படித்தார்.

"தொண்டை நல்லா இருக்குன்னு டாக்டரே எழுதிட்டார். அப்புறம் எதுக்கு லீவு?"

"கீழ இருக்கறதையும் படிங்க மேடம்" என்றேன்.

"படிச்சேன் ரெஜினா. வேலையை எப்படிப் பிரிக்கணும்னு சொல்ல அவருக்கு என்ன அதிகாரம்? அவர் வைத்தியம் பாக்கட்டும், ஸ்கூலை நான் பாத்துக்கறேன்."

"ஒன்பது டி-யை நான் எடுத்துக்கறேன், சயின்ஸும் சேத்துப் பாத்துக்கறேன். என்னோட ஆறாம் வகுப்பை வசந்தாவுக்குக் குடுங்க. ஆறாம் வகுப்புக்குக் கணக்கும் அவளால எடுக்க முடியும். யாருக்கும் நஷ்டம் இல்லை."

அவர் சான்றிதழை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தார். கோபம் எதுவும் தெரியவில்லை.

"நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், எங்க ஹெச்.எம். வகுப்புல பிள்ளைங்க முன்னாடியே என் நோட்டைத் தூக்கி வெளிய போட்டார். நான் போய் எடுத்துட்டு வந்து பாடம் நடத்தினேன். எனக்கு யாரும் ஆறாம் வகுப்பு மாத்திக் குடுக்கலை. அதனாலதான் நான் டீச்சர் ஆனேன்."

"அவர் அப்படிப் பண்ணது உங்களுக்குச் சரின்னு படுதா மேடம்?"

அவர் மணியடிக்கிற நேரம் ஆயிற்று என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

வசந்தாவின் அப்பாவைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கைலாசபுரம் போனேன். நல்ல மனிதர், பயந்து போயிருந்தார். வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "மனசு சம்பந்தப்பட்டதுன்னு வெளிய தெரிய வேணாங்க டீச்சர். நாளைக்கு மாப்பிள்ளை பாக்கணும். பைத்தியம்னு பேரு கட்டிடுவாங்க." உள்ளே வசந்தா அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. முழுக் குரல். என் செருப்புச் சத்தம் கேட்டு வெளியே வந்து, "வாங்க டீச்சர்" என்று சொல்ல வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தக் குரல் நின்றது. நான் அவளுக்கு வேண்டியவள். ஆனாலும் அந்தப் பள்ளியிலிருந்து வந்தவள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பள்ளியின் செயலாளர் ஸ்ரீரங்கத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். வசந்தாவையும் வரச் சொல்லி அவர் முன்னால் ஒரு விசாரணை நடந்தது. ஆசிரியர்கள் சார்பில் நான் போனேன். வேறு யாரும் வரவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். எனக்கு அடுத்த வகுப்பில் நான் காதால் கேட்டதைச் சொன்னேன். வகுப்பு முழுக்கக் கை தூக்க வைத்து ஒரு ஆசிரியையை அளப்பது முறையில்லை என்று, தலைமையாசிரியை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன்.

செயலாளர் பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரிம்மா. பேச முடியாதவங்களை வச்சுக்கிட்டு ஸ்கூல் எப்படி நடத்தறது? நீங்களே சொல்லுங்க" என்றார்.

"பேச முடிஞ்ச பொண்ணாத்தான் வந்துச்சுங்க. இங்க வந்துதான் குரல் போச்சு" என்றேன்.

"நல்ல பொண்ணுதான்" என்றார் லோகநாயகி அம்மாள். "ஆனா டீச்சரா இருக்கத் தெம்பு பத்தலை."

வசந்தா எழுந்து நின்றாள். பேச முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. மூன்று பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மேஜைமேல் இருந்த காகிதத்தை இழுத்து, வேலையை விடுவதாக இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். செயலாளருக்கு அது நிம்மதியாக இருந்தது என்பது அவர் காப்பி சொன்ன விதத்தில் தெரிந்தது. நான் குடிக்கவில்லை.

ஒன்பதாம் 'டி' பெண்கள் ஒரு வாரம் என்னைத் துளைத்து எடுத்தார்கள். "வசந்தா டீச்சர் எங்க போனாங்க? திரும்பி வருவாங்களா?" ஒருத்தி சொன்னாள்: "எங்களுக்குப் புரிஞ்சுது டீச்சர். பெரிய டீச்சர் கேட்டாங்கன்னுதான் கை தூக்கினோம்." அவளை நான் என்ன சொல்ல முடியும்? அவள் குழந்தை. அந்தக் குழந்தைகளைக் கொண்டுதான் வசந்தாவை அடித்தார்கள்.

தீபாவளி முடிந்து சில வாரங்கள் கழித்து வசந்தாவுக்கு எல்லா இடத்திலும் குரல் திரும்பிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருஷம் ஒரு நாள் பாலக்கரையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் இனிப்புப் பொட்டலம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்திருந்தது. வெளியூர் ட்ரங்க் கால்களை இணைத்துக் கொடுக்கும் வேலை. நாள் முழுக்கப் பேச்சு. மெட்ராஸ், மதுரை, பம்பாய் என்று முகம் தெரியாத ஊர்க்காரர்களோடெல்லாம் பேச்சு.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"முதல்ல தனியா உக்கார வைக்கலை டீச்சர். பக்கத்துல சீனியர் ஒருத்தங்க. அவங்களும் என் லைன்லயே ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு உக்காருவாங்க. நான் பேசறது அவங்களுக்கும் கேக்கும். நான் தடுமாறினா அவங்க எடுத்துப் பேசுவாங்க. கால் கேட்ட பார்ட்டிக்குத் தெரியவே தெரியாது. நான் சரியாயிட்டேன்னு எனக்குத் தோணற வரைக்கும் அவங்க எந்திரிக்கலை."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. சர்க்கரை மூட்டை வந்து சேர்ந்ததா என்று ஒரு வியாபாரி மதுரைக்குப் பேசுகிற பேச்சைக் காப்பாற்ற, புது ஆளுக்குப் பக்கத்தில் ஒரு மனுஷியை உட்கார வைத்திருக்கிறார்கள். அறுபது எழுபது பிள்ளைகளை ஒப்படைக்கிற இடத்தில் நாங்கள் பின்கதவில் ஒரு ஆளை நிறுத்தினோம்.

லோகநாயகி அம்மாள் எண்பதுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் எல்லோரும் பேசினார்கள். நான் பேசவில்லை. சில வருஷம் கழித்து நான் உதவித் தலைமையாசிரியை ஆனேன். புதிதாக வந்த தலைமையாசிரியை நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவர். புது ஆளுக்கு ஒன்பதாம் 'டி' கிடையாது என்றேன். முதல் வருஷம் முழுக்க அவளை லீவு போட்டவர்களின் வகுப்புக்கு அனுப்பக் கூடாது என்றேன். தினமும் ஒரு பீரியட், அவள் யாரைக் கேட்கிறாளோ அந்த ஆசிரியை அவள் வகுப்பில் போய் உட்கார வேண்டும், தலைமையாசிரியையிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்றேன்.

கூட்டத்தில் ஏற்பட்ட சலசலப்பு கொஞ்சமில்லை. "அப்ப எங்களுக்கு ஃப்ரீ பீரியட் வேணாமா?" என்றார்கள். "பொத்திப் பொத்தி வளத்தா எப்பத்தான் கத்துக்குவாங்க?" என்றார்கள். ஒன்பதாம் 'டி'யை யார் எடுப்பது என்ற கேள்வி வந்தபோது அறையில் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். நான் எடுத்தேன். நாலு வருஷம் தொடர்ந்து எடுத்தேன். அந்த நாலு வருஷத்தில் சேர்ந்த புது ஆசிரியைகளில் ஒருத்திகூட வேலையை விட்டுப் போகவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த ஏற்பாடு மெல்ல மெல்ல நின்று போயிற்று என்று கேள்விப்பட்டேன். இப்போது அதற்குப் பதில் மூச்சுப் பயிற்சி வந்திருக்கிறது போலும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஆயுத பூஜை. எக்ஸ்சேஞ்சில் அன்று வேண்டியவர்களை உள்ளே அழைத்துக் காட்டுவார்கள். வசந்தா என்னைக் கூப்பிட்டிருந்தாள். எங்கள் பள்ளியில் அறிவியலுக்கு ஒரு இடம் காலியாக இருந்தது. அவளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். தலைமையாசிரியையிடம் பேசியும் வைத்திருந்தேன்.

நீளமான அறை. வரிசையாக இணைப்புப் போர்டுகள், ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. பூஜை நாளென்றாலும் வேலை நிற்கவில்லை. சின்னச் சின்ன விளக்குகள் எரிந்து எரிந்து அணைந்தன. கோடியில் வசந்தா ஒரு புதுப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் காதிலும் ஹெட்செட். அந்தப் பெண்ணின் லைனில் யாரோ கத்துகிறார்கள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. வசந்தா அவள் முதுகில் ஒரு கையை வைத்தாள். "சொல்லுங்க சார், உங்க காலைத்தான் போட்டுட்டு இருக்கோம், லைன் பிஸியா இருக்கு. ரெண்டு நிமிஷம் இருங்க" என்று தெளிவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தாள். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தை அவளே பேசினாள். பேசி முடித்ததும் வசந்தா இரண்டு கைகளையும் அசைத்து அசைத்து, எந்தத் தடத்தில் எப்படி ட்ரங்க் கால் போகிறது என்று அவளுக்கு விளக்கினாள்.

வேலை முடிந்து வந்து பொரியும் சுண்டலும் கொடுத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். பழைய ஆட்கள் யாரும் அவளை எதுவும் சொல்ல மாட்டார்கள், நான் பக்கத்தில் இருப்பேன், வா என்றேன். அவள் என் கையில் இன்னும் கொஞ்சம் சுண்டல் வைத்தாள்.

"பாடம் நடத்தறது எனக்கு இப்பவும் பிடிக்கும் டீச்சர்" என்றாள். "ஆனா அடுத்த வாரம் இங்க இன்னும் ரெண்டு பொண்ணுங்க சேர்றாங்க. நான் வந்துட்டா அவங்க பக்கத்துல யார் உக்காருவா?"

பொரியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.